இரும்பில் ஓடும் பேருந்து

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றித் தருகிறேன் என்று சொன்ன இன்ஜினியர் மாற்றினாரா, இல்லை இன்னும் அதே ஆடுகிற நாற்காலிதானா? அத்தானும் பாப்பாவும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சளி வந்து போனது, அவ்வளவுதான்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் பேருந்துத் தொழிற்சாலையில் என்னை பேட்டரிச் சோதனை அறைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் சுவரோடு சுவராக நிற்கும். உள்ளே செல்களை அடுக்கி மின்சாரம் ஏற்றுவோம், இறக்குவோம், மறுபடி ஏற்றுவோம். ஒரு செல் எவ்வளவு தாங்குகிறது, எப்போது சோர்ந்துபோகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சூடாக்கிப் பார்ப்போம், நசுக்கிப் பார்ப்போம், ஆணி அடித்தும் பார்ப்போம். "இதுகள சித்திரவதை பண்றதுக்கா உன்ன இவ்வளவு படிக்க வச்சாங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார்.

செல்லுக்குள் கோபால்ட் இருக்கிறது அக்கா, உங்கள் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற அதே உலோகம். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் போட்டிருந்தது. உங்கள் சுரங்கத்துக் கல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பல ஊர்க் கல்லும் ஒன்றாக உருகித்தான் எங்களுக்கு வருகிறது. ஆனாலும் முதல் நாள் அந்தச் செல்லைக் கையில் எடுத்தபோது, அத்தான் உடைத்து, நீ மேலே ஏற்றி, நான் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அத்தானிடம் சொல், புகை விடாத பேருந்து ஓடுவதில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்று.

பதில் போடு.

உன் தம்பி

* * *

பிப்ரவரி 3

என் அருமைக் குருவிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். சளிக்கு வெந்நீர் குடிக்கிறாயா? குடிக்க மாட்டாய். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நாற்காலி மாறவில்லை. இன்ஜினியர் மாறிவிட்டார்.

போனில் பேசலாமே என்று நீ நினைப்பாய். இங்கே டவர் கம்பெனிக் கட்டடத்துக்குத்தான் வேலை செய்கிறது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் பாதி வார்த்தை வந்து சேர்வதில்லை, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ கவலைப்படுவாய். கடிதமே போதும்.

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டை இயக்கும் அறையில் இப்போது நான்தான் மூத்தவள். சேர்ந்த புதிதில் "பொம்பள கையில உசுரக் குடுத்துட்டு எறங்குறதா" என்று முணுமுணுத்தவர்கள், இப்போது நான் லீவு என்றால் முகம் சுளிக்கிறார்கள். புதிதாக வந்தவன் பிரேக்கை அதிர வைக்கிறானாம். என் கையில் இறங்கினால் தூக்கம் வருகிறதாம்.

அத்தானை மேலே, கருவிக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் வேலை, உட்கார்ந்த வேலை. பாப்பா கல்லூரியில் கடைசி வருடம். சதா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன கணக்கு என்று கேட்டால் "காத்தோட கணக்கும்மா" என்கிறாள். எனக்கு விளங்கவில்லை, தலையாட்டிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

* * *

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வெந்நீர் குடிக்கிறேன், நம்பு.

அத்தானை ஏன் மாற்றினார்கள்? கீழே பாறையில் துளை போடுவதில் அவரை விடக் கைதேர்ந்தவர் இல்லை என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அவர் கேட்டு வாங்கினாரா, அவர்களாகக் கொடுத்தார்களா? இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இங்கே வேலை கூடிவிட்டது. புது மாதிரிச் செல் ஒன்று வந்திருக்கிறது. அதைச் சோதிக்கும் பொறுப்பை மேலாளர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பாப்பாவின் படிப்பு முடிந்ததும் இங்கே அனுப்பு. எங்கள் அறையிலேயே அவளுக்கு ஓர் இடம் பார்க்கலாம். சுத்தமான அறை, குளிர்சாதன வசதி உண்டு, கையில் அழுக்கு படாது.

அத்தானைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் தம்பி

* * *

ஏப்ரல் 2

என் அருமைக் குருவிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. இப்போது வெட்டும் இடத்துக்கும் கீழே கம்பெனி புது மட்டம் ஒன்று திறக்கப் போகிறது. உலகம் முழுக்க பேட்டரி கேட்கிறார்களாம், இங்கே இருக்கிற கல் போதவில்லையாம். ஆள் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற, எங்கள் சுரங்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் மாடி கட்டத் தொடங்கிவிட்டார். செங்கல் எல்லாம் நம் வாசலில்தான் கிடக்கிறது. நடந்தால் கால் விரலில் இடிக்கிறது.

போன வாரம் பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். மின்சாரப் பேருந்தில்தான் வந்தார்கள். சத்தமே இல்லாமல் வந்து நின்றது; காவல்காரரின் நாய்கூட எழுந்திருக்கவில்லை. எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அத்தானுக்கு இருமல் நிற்கவில்லை. படம் ஆடிப்போகிறது என்று அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளித்தான் நின்றார். படத்தில் அவர் இல்லை, நான் இருக்கிறேன், கண் மூடியிருக்கிறது.

பாப்பாவுக்கு நீ இடம் பார்த்தது பற்றிச் சொன்னேன். "மாமாவுக்கு ரொம்ப நன்றின்னு எழுதும்மா" என்றாள். எழுதிவிட்டேன்.

உன் அக்கா

* * *

ஏப்ரல் 10

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அத்தானுக்கு எவ்வளவு நாளாக இருமல்? மருத்துவர் பார்த்தாரா? கம்பெனி மருத்துவரா, வெளி மருத்துவரா? மார்புப் படம் எடுத்தார்களா? "உட்கார்ந்த வேலை" என்று நீ எழுதியதை இப்போதுதான் சரியாக வாசிக்கிறேன்.

அவரை இங்கே அனுப்பு. நுரையீரலுக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. நான் அழைத்துப் போகிறேன். நீ வர முடியாவிட்டால் அவரை ரயிலேற்றிவிடு, போதும்.

தம்பி

* * *

மே 6

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது.

நலமா இருக்கிறீர்களா? நான் கடிதம் எழுதிப் பழகாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அது ஆகிற காரியமில்லை என்று நானே பேனாவை எடுத்துவிட்டேன்.

மூச்சு வாங்குவது உண்மைதான். சந்தைக்குப் போகிற மேட்டில் நின்று நின்று ஏறுகிறேன். கம்பெனி டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். நான் சிகரெட்டே குடித்ததில்லை என்றேன். அப்படியென்றால் வேறு எதையாவது விடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம்.

மாதக் கடைசியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். உங்கள் ஊரில் எனக்கு வடக்கு தெற்கு தெரியாது. கீழே இருட்டில்கூட வழி தெரியும், மேலேதான் தெரியாது.

அத்தான்

* * *

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை ரயிலேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவரே வந்து சேர்ந்திருப்பார். மருத்துவர் சொன்னதை அவர் பாதியாக்கிச் சொல்வார். அதனால் முழுசாக எழுதுகிறேன்.

கல்தூசி நுரையீரலில் படிந்து, படிந்த இடமெல்லாம் இறுகிப்போயிருக்கிறது. படத்தை வெளிச்சத்தில் மாட்டி மருத்துவர் காட்டினார். போனது போனதுதான், அதைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. இனி தூசிப் பக்கமே போகாமல் இருந்தால், இருக்கிறதை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டலாம் என்றார். "எத்தன வருஷமா தொள போட்டீங்க?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து" என்றார் அத்தான். முகமூடி கொடுத்தார்களா என்றதற்கு, "ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னைக்குக் குடுப்பாங்க" என்றார். மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊதும் குழாய் ஒன்று அவர் பையில் இருக்கிறது. அது பாப்பாவுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று அவர் சொன்னால் நம்பாதே.

என் அறையையும் சுற்றிக் காட்டினேன். அவருக்குப் பிடித்திருந்தது.

உன் தம்பி

* * *

ஜூன் 25

என் அருமைக் குருவிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அத்தானை ஒரு குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாயாம். மருந்து வேளைக்குப் போகிறது, குழாயைக் காலையும் மாலையும் ஊதுகிறார்.

அவர் சொல்லாமல் விட்டதை நீ எழுதியது நல்லது. கேட்காமலே எனக்குத் தெரியும் என்பது வேறு. இருந்தாலும் ஒருவர் எழுதினால்தான் நிஜமாகிறது.

புது மட்டத்து வேலை மும்முரமாக நடக்கிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் கூடியிருக்கிறது, கூண்டு ஓய்வதே இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் "மாடிய இப்போதைக்குத் தள்ளிப்போடுங்களேண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, வெளிச்சம் மறைக்குதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உன் புதுச் செல் எப்படி இருக்கிறது? எழுத முடிந்தால் எழுது.

உன் அக்கா

* * *

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு மாதம் எழுதவில்லை. ஒவ்வொரு வாரமும் எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது உண்மை, ஆனால் உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அத்தானின் மூச்சு எப்படி? உன் முதுகு? பாப்பா?

சுரங்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அந்தப் புதுச் செல்லில் கோபால்ட் இல்லை அக்கா. இரும்புதான். எடை கொஞ்சம் கூட, ஆனால் நீடித்து உழைக்கிறது, சீக்கிரம் தீப்பிடிக்காது, இரும்பு எங்கும் கிடைக்கிறது. எத்தனையோ விதமாகக் கெடுக்கப் பார்த்தேன், கெடவில்லை. ஜூலையில் அறிக்கை கேட்டார்கள். தகுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பேருந்தெல்லாம் இனி இரும்பில்தான் ஓடும். மற்ற தொழிற்சாலைகளும் இதே முடிவுக்கு வந்துவிட்டன. என் ஒருவன் கையெழுத்தால் ஒரு சுரங்கம் மூடாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் போட்ட கை என்னுடையது.

அத்தானுக்கு அப்போதே தெரியும். அறையைச் சுற்றிக் காட்டிய அன்று, "இதுல எங்க கல்லு எங்க இருக்கு மாப்பிள்ள?" என்று கேட்டார்.

"இந்த வரிசைல இருக்கு அத்தான். அந்தப் பக்கம் இருக்கிறதுல இல்ல."

"அப்ப அதுல என்ன இருக்கு?"

"இரும்பு."

"இரும்பா!" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"நல்லதுதான். எறங்குறவன் ஒருத்தன் கொறைவான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாம். புது மட்டம் தொறக்குறாங்கன்னு சந்தோஷமா இருக்கா" என்றார். அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டு நானும் இருந்துவிட்டேன்.

அத்தானின் மார்புப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்தச் செல் தோற்கக் கூடாது என்றே நினைத்தேன். அது ஜெயித்தால் உங்கள் பிழைப்பு போகும் என்பதும் தெரிந்துதான் இருந்தது. திட்ட வேண்டும் என்றால் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி

* * *

டிசம்பர் 9

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் அத்தானுக்கு ஒரு ரகசியத்தை ஒரு ராத்திரிகூடக் காப்பாற்றத் தெரியாது. ரயிலிலிருந்து இறங்கி, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "உன் தம்பி இரும்புல பஸ் ஓட்டப் போறான், நம்ம கதை முடிஞ்சுது." ஜூன் மாதம் உன்னிடம் புதுச் செல்லைப் பற்றி நான் ஏன் கேட்டேன் என்று நினைத்தாய்?

கையெழுத்துப் போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. நல்ல செல்லை நல்லதென்று எழுதாமல் என்ன செய்வாய்? நீ எழுதுவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் அதற்குத்தான். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

இங்கே நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? கம்பெனி ஆள் எடுக்கிறது, ஒருத்தி மட்டும் வந்து மூடப் போகிறார்கள் என்கிறாள். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன், அதுவும் வெளிச்சத்துக்கு என்று ஆகிவிட்டது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஷிப்டும் ஆட்களைப் புது மட்டம் வெட்ட இறக்கினேன். பத்திரமாகத்தான் இறக்கினேன்.

அவர் மாடியில் சுவர் மட்டும் நிற்கிறது. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறார். பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது. கீழே தண்ணீர் நிரம்பிவிடாமல் பம்பு ஓட வேண்டும், பம்பு பார்க்கிற ஆட்களை இறக்க வேண்டும், அதற்காக என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். முன்பு கூட்டமாக இறங்கிய கூண்டில் இப்போது இரண்டு பேர் போகிறார்கள். கனமே இல்லை. அது பழகுவதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அத்தான் மூச்சு அப்படியேதான். தூசி நின்றதில் துணி காயப்போட நன்றாக இருக்கிறது என்கிறார். அதுவும் உண்மை.

அக்கா

* * *

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அத்தான் மேல் எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அவர் நலமாக இருக்கட்டும்.

நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடுங்கள். இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். படி ஏற வேண்டாம், மருத்துவமனை பக்கம். இங்கே மின்தூக்கி இயக்க ஆள் வேண்டியதில்லை, அதனால் உனக்கு என்ன வேலை என்று யோசிக்கிறேன். ஆனால் பாப்பாவுக்கு இடம் உறுதி. மேலாளரிடம் பேசிவிட்டேன்.

ஒரு செய்தி காதில் விழுந்தது. காற்றாலைக்கும் மின்கம்பிக்கும் செம்பு எக்கச்சக்கமாகத் தேவைப்படுகிறதாம். மூடிய சுரங்கங்களை எல்லாம் செம்புக்காகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்கிறார்கள். உங்கள் கல்லிலும் செம்பு உண்டு என்று அத்தான் சொல்லியிருக்கிறார். யாராவது வந்து ஆசை காட்டினால் மயங்கிவிடாதே. அத்தானை அந்த ஊரில் வைத்திருக்கக் கூடாது.

உடனே பதில் போடு.

உன் தம்பி

* * *

மே 21

என் அருமைக் குருவிக்கு,

உடனே என்று எழுதியிருந்தாய், நான் மே மாதத்தில் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? வீட்டை வேறு யாருக்காவது விட்டிருப்பாய். விட்டிருந்தால் நல்லதுதான்.

நீ கேள்விப்பட்டது சரி. மார்ச்சில் புதுக் கம்பெனி வந்தது. செம்புக்குத்தான். கோபால்ட் வந்தால் ஒரு பக்கமாகக் குவித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புது மட்டத்தில்தான் செம்பு நிறைய இருக்கிறதாம். பூட்டின வீடுகளில் பாதி திறந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறார், மாடியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. எனக்கு நாற்காலி புதிதாகக் கொடுத்திருக்கிறார்கள். சாய்ந்தால் தூக்கம் வருகிறது, அதனால் சாய்வதில்லை.

பாப்பா உன் அறைக்கு வரமாட்டாள். அவளே உனக்கு எழுதுகிறேன் என்றாள், நான்தான் எழுதுகிறேன் என்றேன். அவள் படித்த காற்றுக் கணக்கு என்னவென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. சுரங்கத்துக்குள் காற்று எப்படிப் போகிறது, தூசி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற படிப்பாம் அது. புதுக் கம்பெனி அவளை அந்த வேலைக்கு எடுத்துவிட்டது. அளவு மீறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு என்று தாளில் இருக்கிறது. சொன்னால் நிறுத்துவார்களா என்பது தாளில் இல்லை.

"தூசி அளக்கணும்னா தூசி இருக்கிற எடத்துக்குத்தான போகணும்?" என்றேன்.

"ஆமாம்மா."

"மாமா அங்க சுத்தமான ரூம் பாத்து வச்சிருக்கான்."

"சுத்தமான ரூம்ல என்னத்தம்மா அளக்குறது?"

உன் அத்தானைப் பார்த்தேன். அவர் ஊதிக்கொண்டிருந்த குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் நினைத்தாராம்.

நேற்று பாப்பாவுக்கு வேலையில் முதல் நாள். வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். வேண்டாம் என்றேன். இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அவளை நான்தான் இறக்கினேன். மற்றவர்களை எப்படி இறக்குவேனோ அப்படித்தான். அவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன்.

சாயங்காலம் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்தாள். நல்ல பசி. அத்தான்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"தூசி பறக்காம தண்ணி ஊத்தித்தான தொள போடுறாங்க?"

"ஆமாப்பா. ஒரு எடத்துல தண்ணிக் குழாய் அடைச்சிருந்துது. நிறுத்தச் சொன்னேன்."

"நிறுத்தினாங்களா?"

"மொணங்கிக்கிட்டே நிறுத்தினாங்க."

அவர் எழுந்துபோய் வாசலில் அவள் கழற்றி வைத்திருந்த முகமூடியை எடுத்தார். விளக்குக்குக் கீழே பிடித்து, வெளிப்பக்கம் பார்த்தார். சாம்பல் நிறமாக இருந்தது. திருப்பி உள்பக்கம் பார்த்தார். விரலால் தடவி, விரலையும் பார்த்தார். உள்பக்கம் வெள்ளையாகவே இருந்தது, விரலிலும் தூசி இல்லை. பிறகு அதைத் துடைத்து, கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்து, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

உன் அக்கா